வணிகமும் மனித உரிமையும்: அரசின் செயல்திட்டத்தைப் படிப்பது எப்படி?

திருப்பூரில் தைத்த பனியன் ஹாம்பர்க் நகரக் கடையில் விற்பனைக்குத் தொங்குகிறது. அதைத் தைத்தவருக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணம் வராமல் போனாலோ, அதற்கு நூல் நூற்ற பெண் மில் விடுதியை விட்டு வெளியே வர முடியாமல் இருந்தாலோ, பொறுப்பு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். மில்காரர், சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனமான பையரைக் காட்டுவார். பையர் இந்த நாட்டுத் தொழிலாளர் துறையைக் காட்டுவார். துறை மறுபடியும் மில்லையே காட்டும். இந்தச் சுற்றில் அரசின் இடம் எது, நிறுவனத்தின் இடம் எது என்று வரையறுக்கத்தான் 2011 ஜூனில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை, ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஜான் ரக்கி தயாரித்த 31 வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. அரசு காக்க வேண்டும், நிறுவனம் மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்பவை அந்நெறிகளின் மூன்று தூண்கள்.

இவற்றைத் தன் நாட்டில் எப்படி நடைமுறைப்படுத்தப் போகிறோம் என்று ஓர் அரசு எழுதி வெளியிடும் ஆவணத்துக்குத் தேசியச் செயல்திட்டம் என்று பெயர். பிரிட்டன் 2013இல் முதன்முதலாக வெளியிட்டது. ஆசியாவில் இதைத் தனி ஆவணமாக முதலில் கொண்டுவந்தது தாய்லாந்து. தொழிற்சங்கத்திலோ, தொண்டு நிறுவனத்திலோ, ஏற்றுமதி அலுவலகத்திலோ இருந்துகொண்டு இப்படிப்பட்ட ஓர் ஆவணத்தைக் கையில் எடுப்பவர், அதில் எதைத் தேட வேண்டும் என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை.

முன்னுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். எல்லா நாடுகளின் முன்னுரையும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் பார்க்க வேண்டியது, ஆவணத்தை ஏற்றது யார், அதை நடத்தும் துறை எது என்பதே. தாய்லாந்தின் திட்டம் 2019 அக்டோபர் 29 அன்று அமைச்சரவை ஒப்புதல் பெற்றது. நீதி அமைச்சகத்தின் கீழ் உள்ள உரிமைகள் பாதுகாப்புத் துறை அதற்குப் பொறுப்பு. அமைச்சரவைத் தீர்மானம் அரசுத் துறைகளுக்கு வேலை சொல்லும். ஆனால் ஒரு தனியார் முதலாளியை நீதிமன்றத்துக்கு இழுக்க அது மட்டும் போதாது. ஜெர்மனியில் இந்த வேலை வெளியுறவு அமைச்சகத்திடம் இருந்தது. இந்தியாவில் 2018–19 காலத்தில் முதல் வரைவை வெளியிட்டது நிறுவன விவகார அமைச்சகம். நிறுவனங்களைப் பதிவு செய்வதும் அவற்றின் கணக்கைக் கேட்பதும் அந்த அமைச்சகத்தின் அன்றாட வேலை என்பதால், தொழிலாளி அதன் கண்ணில் அறிக்கையின் ஒரு கட்டமாகத் தெரிவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

அடுத்தது, நாட்டின் இன்றைய நிலை பற்றிய ஆய்வு. சட்டம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, இருக்கும் இடத்தில் ஏன் எட்டவில்லை என்று பார்த்த பிறகுதான் திட்டம் எழுத வேண்டும் என்று வணிகம், மனித உரிமை பற்றிய ஐ.நா. பணிக்குழுவின் வழிகாட்டி சொல்கிறது. பல அரசுகள் இந்த இடத்தில் இருக்கிற சட்டங்களையெல்லாம் வரிசையாக எழுதி வைத்துவிட்டு, ஆய்வு முடிந்துவிட்டதாகக் கையைத் தட்டிக்கொள்கின்றன. இந்திய வரைவும் பெரும்பகுதி இந்த வகைதான். மூன்று தூண்களின் கீழும் சட்டங்களும் தீர்ப்புகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன.

பட்டியலைச் சோதிக்க ஒரே வழி, ஓர் ஆளை அதற்குள் நடக்கவிடுவது. திண்டுக்கல் பக்கத்து ஸ்பின்னிங் மில் ஒன்றில் கேம்ப் கூலியாக விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டில் சூப்பர்வைசர் தொல்லை கொடுக்கிறார். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 முதல் இருக்கிறது. புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா? அவருடைய செல்போன் அவர் கையில் இருக்கிறதா, வார்டனிடம் இருக்கிறதா? பையர் அனுப்பும் ஆடிட்டர் வரும் நாளில் அவரிடம் பேசுவது சூப்பர்வைசரின் முன்னாலா, தனியாகவா? தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் ஆய்வாளர் அந்த ஊருக்கு ஆண்டில் எத்தனை முறை வருகிறார்? செயல்திட்டத்தின் ஆய்வுப் பகுதி இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது கேட்டிருந்தால் அது ஆய்வு. சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லியிருந்தால், ஓரத்தில் ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

மூன்றாவதாக, வினைச்சொற்களைப் பாருங்கள். ஆவணத்தின் உண்மையான எடை அங்கேதான் இருக்கிறது. 'ஊக்குவிக்கும்', 'பரிசீலிக்கும்', 'விழிப்புணர்வை ஏற்படுத்தும்', 'ஒருங்கிணைந்து செயல்படும்' என்று முடியும் வாக்கியங்களை ஒரு நிறத்திலும், 'திருத்தும்', 'ஒதுக்கும்', 'நியமிக்கும்', 'தடை செய்யும்', 'வெளியிடும்' என்று முடிபவற்றை வேறு நிறத்திலும் அடிக்கோடிடுங்கள். எடுத்துக்காட்டுக்கு நானே ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுகிறேன்: "புலம்பெயர் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்கும் வசதிகளை மேம்படுத்த அரசு நிறுவனங்களை ஊக்குவிக்கும்." யார், எப்போது, எவ்வளவு பணத்தில், நடக்காவிட்டால் என்ன என்ற நான்குக்கும் இதில் பதில் இல்லை. இதையே, "தொழிலாளர் துறை அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் ஒடியா, இந்தி, வங்காள மொழிகளில் கட்டணமில்லாத் தொலைபேசி உதவியைத் தொடங்கி, வந்த புகார்களின் எண்ணிக்கையையும் முடிவையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும்" என்று எழுதியிருந்தால், மார்ச் முடிந்ததும் நீங்கள் அந்தத் துறையின் கதவைத் தட்ட முடியும்.

நான்காவது கேள்வியான 'நடக்காவிட்டால் என்ன' என்பதற்கு ஜெர்மனியின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 2016 டிசம்பர் 21 அன்று அந்நாட்டு அமைச்சரவை ஏற்ற செயல்திட்டம், நிறுவனங்களுக்கு எந்தக் கட்டாயத்தையும் விதிக்கவில்லை. தொண்டு அமைப்புகள் அதை வன்மையாகக் குறை சொன்னார்கள். ஆனால் உள்ளே ஓர் அளவுகோல் இருந்தது: 500 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் குறைந்தது பாதியாவது 2020க்குள் உரிய கவன நடைமுறையைத் தம் வேலைக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். தன் தொழிலாலும் தனக்குச் சரக்கு தருபவர்களின் தொழிலாலும் யாருக்கு என்ன தீங்கு நேரலாம் என்று முன்கூட்டியே தேடுவது, அதைத் தடுப்பது, தடுத்தது பலித்ததா என்று பார்ப்பது, புகாருக்கு வழி வைப்பது, நடந்ததை வெளியே சொல்வது ஆகியவை சேர்ந்ததே அந்த நடைமுறை. பாதி எட்டப்படாவிட்டால் சட்டம் உள்பட அடுத்த நடவடிக்கைகளை அரசு பரிசீலிக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். 'பரிசீலிக்கும்' என்பது மெலிந்த வினைதான். ஆனால் 2018இல் ஆட்சி அமைத்த கட்சிகளின் கூட்டணி ஒப்பந்தம் அதைக் கெட்டியாக்கி, தானாக முன்வந்து செய்வது போதாது என்று தெரிந்தால் சட்டம் இயற்றுவோம் என்றது. 2020இல் எண்ணிப் பார்த்தார்கள். முறையாகப் பதில் அனுப்பியவை 455 நிறுவனங்கள்; அளவுகோலைத் தொட்டவை 13 முதல் 17 சதவீதம். பாதி எங்கே, இது எங்கே! 2021 ஜூனில் நாடாளுமன்றம், அந்த நடைமுறையைக் கட்டாயமாக்கும் விநியோகச் சங்கிலிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 ஜனவரி முதல் குறைந்தது 3,000 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், அடுத்த ஆண்டிலிருந்து குறைந்தது 1,000 பேர் வேலை செய்பவற்றுக்கும் அது பொருந்தியது. திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களின் மேஜைக்குப் பையரின் நீண்ட கேள்விப் படிவங்கள் வந்து சேர்வதற்கு இப்படிப்பட்ட சட்டங்களும் ஒரு காரணம்.

ஆகவே வரைவு நிலையில் உள்ள ஒரு திட்டத்துக்குக் கருத்து எழுதுபவர், இருபது கோரிக்கைகளை வைப்பதைவிட, எண்ணக்கூடிய ஓர் இலக்கையும் அது தவறினால் என்ன நடக்கும் என்ற ஒரு வரியையும் உள்ளே நுழைத்துவிட்டால் அதிகம் சாதித்தவர் ஆவார்.

அரசே முதலாளியாகவும் வாடிக்கையாளராகவும் இருக்கும் இடங்களை அடுத்துத் தேடுங்கள். பொதுத்துறை நிறுவனங்கள், ஏற்றுமதிக் கடன் உத்தரவாதம், அரசு டெண்டர் ஆகிய மூன்றிலும் அரசு எவரையும் ஊக்குவிக்கத் தேவையில்லை. நிபந்தனை போட்டால் போதும். குறைந்த விலை சொன்னவருக்கே டெண்டர் என்ற விதியை அப்படியே வைத்துக்கொண்டு, தனியாருக்கு மட்டும் அறிவுரை சொல்லும் திட்டம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அரைத் திட்டம்தான்.

மூன்றாம் தூணான பரிகாரத்துக்கு வழக்கமாகக் கடைசிச் சில பக்கங்களே கிடைக்கும். அங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். கராச்சியில் 2012 செப்டம்பரில் ஓர் ஆயத்த ஆடை ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆலையிடம் துணி வாங்கிய ஜெர்மானிய நிறுவனத்தின் மேல், உயிர் தப்பிய ஒருவரும் இறந்தவர்களின் உறவினர் மூவரும் டார்ட்மண்ட் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 2019 ஜனவரியில் வழக்கு தள்ளுபடியானது; காரணம், பாகிஸ்தான் சட்டப்படி காலவரம்பு கடந்துவிட்டது. யார் மேல் தவறு என்ற கேள்விக்கு நீதிமன்றம் வரவே இல்லை. எனவே பரிகாரப் பகுதியில் காலவரம்பு, வழக்குச் செலவு, மொழிபெயர்ப்பு, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் ஆகிய சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். புகார் செய்தவர் மேலேயே அவதூறு வழக்குப் போடும் பழக்கத்தைத் திட்டம் தொடுகிறதா என்றும் பாருங்கள். தாய்லாந்துத் திட்டத்தின் நான்கு முதன்மைப் பகுதிகளில் ஒன்று, பிறர் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் உரிமைக் காப்பாளர்களைப் பற்றியது என்பது இந்த வகையில் பாராட்டத்தக்கது, அவர்கள் மேல் அங்கே வழக்குகள் நின்றுவிடவில்லை என்றாலும்.

அரசுத் திட்டம் வரும்வரை கைகட்டி உட்கார வேண்டியதில்லை என்பதற்குச் சான்றும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம், உள்ளூர்ப் பெண் தொழிலாளர் சங்கத்தையும் ஆடை உற்பத்தியாளரையும் வெளிநாட்டு பிராண்டையும் பாலின வன்முறைக்கு எதிராகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் வகையில் இணைத்தது. ஆலைக்குள் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். திட்ட வரைவுக்குக் கருத்து எழுதுபவர் வெளிநாட்டு உதாரணங்களைத் தேடி அலையாமல் இதை இணைப்பாக வைக்கலாம்.

தேதிகளைக் குறித்து வையுங்கள். தாய்லாந்தின் முதல் திட்டம் 2022இல் முடிந்தது. இரண்டாவது 2023 முதல் 2027 வரை. இரண்டாவதைப் படிக்கும்போது முதலாவதைப் பக்கத்தில் விரித்து வைத்தால், சொல் மாறாமல் திரும்பி வந்திருக்கும் வாக்கியங்கள் தென்படும். அவற்றுக்கு விளக்கம் கேட்க வேண்டும். ஜெர்மனியிலும் 2025இல் வந்த கூட்டணி அரசு விநியோகச் சங்கிலிச் சட்டத்தின் அறிக்கைக் கடமையைத் தளர்த்த முனைந்திருப்பதால், பழைய விளக்கக் குறிப்பை நம்பிப் படிவம் நிரப்ப வேண்டாம். இந்திய வரைவின் இப்போதைய நிலையை அறிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நிறுவன விவகார அமைச்சகத்துக்கு மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். வரைவுக்கு வந்த கருத்துகளின் நகலையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.