இ-சைன் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கே தவறுகிறோம்?

நாகர்கோவிலில் இருந்துகொண்டு குத்தகை, கடன், பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் வேலை. இப்போது வருகிற வாடிக்கையாளர் எல்லோரும் கேட்பது, "கையெழுத்து வாங்க ஆள் அனுப்பி முடியல சார், மொபைல்லயே முடிச்சிரலாமா?" என்பதுதான். இ-சைன், அதாவது மின்னணுக் கையெழுத்து வழியாக முடிக்கலாம். ஆனால் டெமோவைப் பார்த்து மயங்கி சேவையை முடிவு செய்துவிடுகிறோம். டெமோவில் கையெழுத்துப் போடுபவர் சேவை நிறுவனத்தின் ஆள். அவருடைய ஆதாரில் மொபைல் எண் சரியாக இருக்கும், சிக்னலும் இருக்கும். நம் வாடிக்கையாளருக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரோ குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் நிற்பார், இல்லையென்றால் மஸ்கட்டில் இருப்பார்.

முதல் தவறு, எல்லா இ-சைனும் ஒன்று என்று நினைப்பது. திரையில் விரலால் கிறுக்கும் கையெழுத்து வெறும் படம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் இரண்டாம் அட்டவணை ஏற்கும் முறை வேறு. ஆதார் இ-கேஒய்சி (ஆதாரை வைத்து ஆளை மின்னணு முறையில் உறுதிசெய்வது) வழியான இ-சைன் 2015-இல் அதில் சேர்ந்தது. அதில் ஆவணம் இ-சைன் வழங்குநருக்குப் போவதில்லை. அதன் ஹாஷ், அதாவது ஆவணத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஒரு குறியீடு, மட்டும் உரிமம் பெற்ற அந்த வழங்குநருக்குப் போகும். ஓடிபி சரியானால் அந்த ஒரு கையெழுத்துக்காக ஒரு மின்னணுச் சாவி உருவாகி, வேலை முடிந்ததும் அழிக்கப்படும். கையெழுத்திட்டவர் யார் என்று சொல்லும் மின்னணுச் சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம்தான். கிறுக்கல் கையெழுத்தால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீதுக்கு அது தாராளம். கடன் பத்திரத்துக்கு அதை வைத்தால், எதிராளி "நான் போடவே இல்லை" என்று சொல்லும் நாளில் நிரூபிக்கும் பாரம் முழுக்க உங்கள் தலையில் விழும்.

சேவை தருபவர் பெரும்பாலும் இடைத்தரகர்தான். பின்னால் யார் என்று கேளுங்கள். இ-முத்ரா, சி-டாக், புரோட்டீன் போன்ற பெயர் ஒன்று வர வேண்டும். சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் வலைத்தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள். உயிலையும் டிரஸ்ட் பத்திரத்தையும் இந்த வழியில் முடிக்கவே முடியாது. சட்டம் அவற்றை விலக்கி வைத்திருக்கிறது.

என்னைத் தூங்கவிடாத தவறு ஒன்று உண்டு. மார்த்தாண்டம் பக்கம் ஒரு வாடிக்கையாளருக்கு ரப்பர் குத்தகை ஒப்பந்தங்களை மென்பொருளில் இணைத்துக் கொடுத்திருந்தேன். ஒரு ஒப்பந்தத்தில் தோட்டத்துக்காரர் எழுபது வயதுக்காரர். லிங்க் வாட்ஸ்அப்பில் போனது, கால் மணி நேரத்தில் "முடிந்தது" என்று பச்சை நிறத்தில் வந்தது. எனக்கு என்னவோ தோன்றி பிடிஎஃபைத் திறந்து, கையெழுத்துப் பெட்டியைத் தட்டிச் சான்றிதழைப் பார்த்தேன். அதில் இருந்தது மகனின் பெயர். பெரியவரிடம் போனில் கேட்டபோது, "எனக்க மொவன்தான் பாத்துத் தந்தான் சார்" என்றார். ஏமாற்று எதுவும் இல்லை. அப்பாவுக்கு உதவ நினைத்த மகன், கேட்ட இடத்தில் தன் ஆதார் எண்ணைப் போட்டு, தன் போனுக்கு வந்த ஓடிபியைக் கொடுத்துவிட்டான். சேவையைப் பொறுத்தவரை அது செல்லுபடியான கையெழுத்து. குத்தகைக்குக் கொடுக்கும் உரிமை இல்லாதவரின் செல்லுபடியான கையெழுத்து.

ஆகவே, சான்றிதழில் உள்ள பெயர், மாநிலம், பின்கோடு ஆகியவற்றைச் சேவையின் ஏபிஐ (உங்கள் மென்பொருள் அந்தச் சேவையோடு பேசும் வழி) திருப்பித் தருகிறதா என்று முதலில் கேளுங்கள். தந்தால், எதிர்பார்த்த பெயரோடு ஒப்பிட்ட பிறகே உங்கள் மென்பொருள் "முடிந்தது" என்று காட்ட வேண்டும். அதே நேரம், எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று எழுதிவிடாதீர்கள். பட்டாவில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஞானஸ்நானப் பெயர் ஒன்றில் இருந்து மற்றதில் விடுபட்டிருக்கும். நெருங்கி வரும் பெயரைத் தானாக நிராகரிக்காமல், ஒரு ஆள் பார்த்து ஒப்புதல் தரும் வரிசைக்கு அனுப்புவதே நல்லது.

அடுத்தது ஓடிபி. ஆதாரில் இணைத்த எண்ணுக்கு மட்டுமே அது போகும். நம் மாவட்டத்தில் கல்ஃபில் ஆள் இல்லாத தெரு குறைவு. போகும்போது கையில் இருந்த இந்திய சிம்முக்கு மாதக்கணக்கில் ரீசார்ஜ் இல்லாமல் எண்ணே கைவிட்டுப் போயிருக்கும். மூன்று அண்ணன் தம்பி சேர்ந்து போட வேண்டிய ஒப்பந்தத்தில் இரண்டு பேர் போட்டு, மூன்றாவது ஆளுக்காக மாதம் ஒன்று ஓடிவிடும். கைரேகை வழியோ, அவர் பெயரில் எடுத்த கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ (கையெழுத்துச் சாவி உள்ள யுஎஸ்பி கருவி) அதே ஏபிஐயில் சேருமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பாதி கையெழுத்தோடு நிற்கும் ஆவணம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்றும் கேளுங்கள்.

தமிழ் ஆவணத்தைச் சோதிக்காமல் விடுவது இன்னொன்று. சில பிடிஎஃப் உருவாக்கிகளுக்குத் தமிழ் எழுத்துக் கோக்கத் தெரியாது. "கொடுக்கல்" என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்காரும், எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்கள் வரும். கையெழுத்தான பின் அதைத் திருத்த வழி இல்லை. ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் மாறி, கையெழுத்து செல்லாது என்று காட்டும். கையெழுத்துக்குப் பிறகு பக்க எண்ணோ வாட்டர்மார்க்கோ சேர்க்கும் நிரல் உங்களிடம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். இதிலேயே சொல்லிவிடுகிறேன்: அடோபி ரீடரில் மஞ்சள் கேள்விக்குறி வந்தால் வாடிக்கையாளர் பதறுவார். பெரும்பாலும் இந்திய மூலச் சான்றிதழை அந்தக் கணினி இன்னும் நம்பத் தொடங்கவில்லை என்பதே அதன் பொருள். ஒருமுறை உட்கார்ந்து அமைத்துக் காட்டுங்கள்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று: வெப்ஹுக் (கையெழுத்து முடிந்ததும் சேவை நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தி) வரும் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள். மின்தடையில் சர்வர் பத்து நிமிடம் படுத்தால் அந்தச் செய்தி தொலையலாம். நிலையை நாமாகக் கேட்டுச் சரிபார்க்கும் வழியும் எழுதுங்கள். ஒரே கோரிக்கை இரண்டு முறை போனால் இரண்டு கட்டணம் விழுமா, தோற்ற ஓடிபிக்குக் காசு உண்டா, முன்கூட்டியே வாங்கிய கிரெடிட் காலாவதி ஆகுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

முத்திரைத்தாள் விஷயத்தை இ-சைன் தீர்த்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அது தனிக் கடமை. கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் கேரளக் கணக்கு.

கடைசியாக, ஆவணங்களைச் சேவையின் சர்வரிலேயே விட்டுவைப்பது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில், மின்னணுச் சான்றோடு தர வேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. கையெழுத்தான பிடிஎஃப், ஆடிட் பதிவு (யார், எப்போது, என்ன செய்தார் என்ற பதிவு), ஹாஷ் மூன்றையும் கையெழுத்தான அன்றே உங்கள் சேமிப்பகத்தில் இறக்கி வையுங்கள். நான் ஒப்பந்தம் போடும் முன், சோதனைக் கணக்கில் இருபது ஆவணங்களைக் கையெழுத்திட்டு, கணக்கை மூடச் சொல்லி, அந்த இருபதும் ஆடிட் பதிவோடு என் கைக்கு வருகிறதா என்று பார்க்கிறேன்.