சின்னக் குளியலறையை உடைக்க முதல்: யாழ்ப்பாணத் தண்ணீருக்கு ஏற்ற திட்டம்

ரைல்ஸ் கடைக்குப் போவது கடைசி வேலை. கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று வளவுக்குள் இறங்கிப் பார்ப்பதுதான் முதல் வேலை. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதன் வெடிப்புகளால் குழிக் கழிவு வடிபடாமலே கிணற்றுக்குப் போய்விடும். அதனால் மலக்குழியின் அடியும் சுவரும் ஒழுகாமல் சீமெந்து பூசியிருக்க வேண்டும். அதற்கடுத்து, தெளிந்த கழிவுத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்குகிற உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையவே கூடாது. தூரம் கூடினால் இன்னும் நல்லது. மதிலுக்கு அங்கால் இருக்கிற பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள். பழைய குழி அடி திறந்ததென்றால், கையில் உள்ள காசு முதலில் அதற்குத்தான். குளிக்கிற தண்ணீரை மலக்குழிக்குள் விடாமல் தனிக் குழாயில் வாழைக்கோ தென்னைக்கோ விடலாம்.

உறிஞ்சு குழி பழுதா என்பதை மாரியில் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது கொமட்டில் தண்ணீர் மெதுவாக இறங்கினால் குழி உறிஞ்சவில்லை என்று அர்த்தம். வெட்டுகிற வேலையை மாசிக்குப் பிறகு வையுங்கள்.

5 அடிக்கு 7 அடி அறையென்றால் கதவடியில் பேசின், நடுவில் கொமட், யன்னல் பக்கம் குளிக்கும் இடம். நடக்கிற பகுதி காய்ந்தே இருக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே வயதானவர் விழுந்தால் உட்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. கொமட்டின் நடுவிலிருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலம் விடுங்கள். நிலத்துத் துளையின் நடுவுக்கும், ரைல்ஸ் ஒட்டி முடித்த பின்சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 12 அங்குலத்துக்குச் செய்த கொமட் 9 அங்குலத்தில் இருக்காது.

கொமட்டுக்கு 110 மில்லிமீற்றர் குழாய், நிலத் தண்ணீருக்கு 63. குழாய்க்கு ஓர் அடிக்குக் கால் அங்குலச் சரிவு, தளத்துக்கு 5 அடிக்கு 1 அங்குலம். பழைய ரைல்ஸுக்கு மேலே புதியது ஒட்டினால் செலவு குறையும் என்று மேசன் சொல்லக்கூடும். தளம் முக்கால் அங்குலமளவு உயர்ந்து தண்ணீர் வெளியே பக்கத்து அறைக்குள் வரும். அடியில் இருக்கிற கசிவும் அப்படியே கிடக்கும். உடைத்தெடுப்பதே சரி. பிறகு நீர்காப்புப் பூச்சு 2 முறை, ஒன்றுக்கொன்று குறுக்காக: சுவரில் 6 அங்குலம் வரை, குளிக்கும் மூலையில் 6 அடி வரை. காய்ந்ததும் வடிகாலை அடைத்து 24 மணித்தியாலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். குறி இறங்கினால் ரைல்ஸ் ஒட்ட விடாதீர்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை படியும். கறுப்புப் பைப்பும் பளபளக்கும் கடும் நிற ரைல்ஸும் ஒரு மாதத்திலேயே அழுக்காகத் தெரியும். வெளிர் சாம்பல், மணல் நிறம் நல்லது. கையால் தேய்த்தால் படிவு உதிரும் ரப்பர் முனை உள்ள ஷவரை எடுங்கள். கொமட், பேசின், ஷவர் ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வேண்டும். அசிட் ஊற்றிக் கழுவினால் ரைல்ஸ் இடைச் சீமெந்து அரித்துப் போகும். வினாகிரி போதும், அதையும் உடனே கழுவிவிட வேண்டும்.

தண்ணீர்த் தாங்கி ஷவரைவிட 10 அடி உயரத்தில் இருந்தாலும் அழுத்தம் 0.3 பார்தான். அகன்ற மழை ஷவர் அதற்குச் சொட்டும். உடனடி ஹீற்றர் சில பற்றவே மாட்டா. ஹீற்றர் பூட்டினால் தனி வயர், எர்த், மின் கசிந்தால் உடனே நிறுத்துகிற 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம்.

மேலே சொன்ன 5க்கு 7 அடி அறையின் தளத்துக்கு 12 அங்குலச் சதுர, வழுக்காத ரைல்ஸ் 39. சுவரில் 7 அடி உயரத்துக்கு, கதவைக் கழித்து, 12க்கு 24 அங்குல அளவில் 83. இரண்டிலும் உடைவுக்காகப் பத்து வீதம் சேர்த்தாயிற்று. எல்லாவற்றையும் ஒரே தொகுதி இலக்கத்தில் வாங்குங்கள்; நிறம் மாறாது.

கொமட்டைச் சீமெந்தில் இருத்தினால் ஒரு முழு நாள் யாரும் அதில் இருக்கக் கூடாது. அசைந்தால் அடியில் வெடித்து மணக்கும். வீட்டில் வேறு கழிப்பறை இல்லையென்றால், அந்த நாளுக்குப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.