பைத்தான் 3.9-ஐ எப்போது விடலாம்?

வங்கி ஸ்டேட்மென்ட் ஃபைல்களைப் படித்து ஒரே அமைப்புக்குக் கொண்டுவரும் சின்ன லைப்ரரி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். வருடா வருடம் அக்டோபர் வந்தால் அதே கேள்வி: பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்புக்கான ஆதரவை விட்டுவிடலாமா?

முதலில் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் ஐந்து வருடம்தான். 2020 அக்டோபரில் வந்த 3.9-க்கு 2025 அக்டோபரோடு முடிந்தது. இனி பாதுகாப்புத் திருத்தம்கூட வராது. ஆனால் தேதி முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் நான் விடுவதில்லை. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் கூடவே வருவது 3.9தான், அதற்கான திருத்தங்களை ரெட் ஹாட்டே போட்டுத் தருகிறது. அதற்கு நேர்மாறாக, எண் கணக்குக்கான 'நம்பை' (NumPy) லைப்ரரி, ஒரு பைத்தான் பதிப்பு வந்து 42 மாதம் ஆனால் விட்டுவிடலாம் என்று 2019-இலேயே விதி வகுத்துக்கொண்டது. உங்கள் லைப்ரரி நம்பையை நம்பியிருந்தால் முடிவு பாதி அவர்கள் கையில்.

நான் பார்ப்பது வேறு: பழசுக்காக எத்தனை இடத்தில் சுற்றி வளைத்து எழுதுகிறேன்? உதாரணமாக, இரண்டு பட்டியல்களை வரிக்கு வரி ஜோடி சேர்க்கும் 'ஜிப்' (zip). தேதிக்கு ஒரு பட்டியல், தொகைக்கு ஒரு பட்டியல். ஒன்றில் ஒரு வரி குறைந்தால் 3.9 சத்தமே போடாமல் மிச்சத்தை விழுங்கிவிடும். 3.10-இல் 'ஸ்ட்ரிக்ட்' (strict) என்று ஒரு வார்த்தை சேர்த்தால் பிழை காட்டி நிற்கும். பணக் கணக்கில் இது பெரிய விஷயம். இப்படி நாலு இடம் சேர்ந்தால் விடலாம். டவுன்லோடு எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். அதில் பாதி மனிதர்களா தானியங்கி சோதனைகளா என்று யார் கண்டது!

சரி, விடுவது எப்படி? நிலுவையில் இருக்கும் திருத்தங்களையெல்லாம் போட்டு, 3.9-க்கான கடைசி வெளியீட்டைக் கொடுங்கள். அப்புறம் லைப்ரரியின் விவரம் இருக்கும் பைப்ராஜெக்ட் ஃபைலில் (pyproject.toml), குறைந்தபட்சம் எந்தப் பைத்தான் வேண்டும் என்று சொல்லும் 'ரிக்வயர்ஸ்-பைத்தான்' (requires-python) வரியை 3.10-க்கு ஏற்றுங்கள். இந்த ஒரு வரி இருந்தால் போதும், பழைய பைத்தான்காரருக்கு, லைப்ரரிகளை நிறுவித் தரும் 'பிப்' (pip) தானாகவே அந்தக் கடைசி வெளியீட்டை எடுத்துக் கொடுத்துவிடும். அவர் பக்கம் எதுவும் உடையாது.

வரியை ஏற்றாமல் வெளியிட்டுவிட்டால்தான் வம்பு. லைப்ரரிகளை வெளியிடும் பொதுத் தளமான பைபிஐ-இல் (PyPI) ஏற்றியதைத் திருத்த முடியாது. சரிசெய்த புது வெளியீடு மட்டும் போதாது: 3.9-இல் இருக்கும் பிப் அதைத் தாண்டிப்போய், முந்தைய கெட்டுப்போன வெளியீட்டைத்தான் பிடிக்கும். அதனால் கெட்டதை 'யாங்க்' (yank) செய்தே ஆகவேண்டும், அதாவது பிப் தானாக எடுக்காதபடி ஒதுக்கிவைக்க வேண்டும்.

வரியை ஏற்றுவது ஒரு கமிட் (தனியாகப் பதிவாகும் மாற்றம்), கோடைச் சுத்தம் செய்வது வேறு கமிட். சுத்தத்துக்கு, பழைய பாணி கோடைத் தானாகவே மாற்றித் தரும் 'பைஅப்கிரேடு' (pyupgrade) என்ற கருவி இருக்கிறது, கையால் செய்ய வேண்டாம். பிறகு யாராவது 3.9-க்கு ஒரு திருத்தம் கேட்டு வந்தால், 3.9-க்கான பழைய கோடு கிளைக்கு அவரையே பேட்ச் (திருத்தக் கோடு) எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் வெளியிடுங்கள். பெரும்பாலும் அனுப்ப மாட்டார்கள்.