‘டிபோஸ்’ என்றால் பதவி பறிப்பா, சாட்சியமா?

‘டிபோஸ்’ (depose) என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பெயர்க்கும்போது தடுமாற்றம் வரும், அதற்கு இரண்டு பொருள். 1998 ஜனவரி 17 அன்று அமெரிக்க அதிபர் கிளின்டன் ‘வாஸ் டிபோஸ்டு’ (was deposed). பவுலா ஜோன்ஸ் தொடுத்த வழக்கில் அவரைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் வழக்கறிஞர்கள் விசாரித்தார்கள், அவ்வளவுதான். இதைப் ‘பதவி பறிக்கப்பட்டது’ என்று பெயர்த்தால் வரலாறே மாறிவிடும். அவர் 2001 ஜனவரி வரை பதவியில் இருந்தார்.

‘கீழே வை’ என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. அரசனைக் கீழே இறக்குவதும் டிபோஸ்தான், சொன்னதைப் பதிவில் வைப்பதும் டிபோஸ்தான். குழப்பம் பெரும்பாலும் செயப்பாட்டு வினையில் வரும். அமெரிக்க வழக்கில் வக்கீல் சாட்சியை ‘டிபோஸ்’ செய்வார். நம் ஊர் ஆங்கிலத்தில் சாட்சியே ‘டிபோஸ்’ செய்வார். அதனால் ‘பை’ (by) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள். ராணுவம் என்றால் ஆட்சி போயிற்று, வக்கீல் என்றால் விசாரணை. ‘டிபோஸ்டு தட்’ (deposed that) என்றோ, நீதிமன்றத்தின் பெயரோடு ‘டிபோஸ்டு பிஃபோர்’ (deposed before) என்றோ வந்தால் யோசிக்கவே வேண்டாம், சாட்சியம்தான்.

அடுத்த தவறு, எல்லாவற்றுக்கும் ‘வாக்குமூலம்’ என்று எழுதுவது. நம் நீதிமன்றத்தில் கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுத்துச் சொல்வது சாட்சியம். அது முதல் விசாரணை, குறுக்கு விசாரணை என்று போகும். விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் பிரமாணமும் இல்லை, சொன்னவர் கையெழுத்தும் வாங்கக் கூடாது. இதற்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 180. இந்தப் போலீஸ் வாக்குமூலத்தை ‘டிபோசிஷன்’ (‘டிபோஸ்’ என்பதன் பெயர்ச்சொல்) என்பது பிழை. அமெரிக்க டிபோசிஷன் வேறு வகை: வழக்கு நீதிமன்ற விசாரணைக்கு வருமுன், பெரும்பாலும் வக்கீல் அலுவலகத்தில், பிரமாணத்தோடு பதிவாவது. ‘நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார்’ என்று அதை எழுதினால் இடம் தவறிவிடும். ‘பிரமாண வாக்குமூலம் அளித்தார்’ என்றால் பொருந்தும். பிரமாணப் பத்திரத்தின் அடியில் வரும் ‘டிபோனன்ட்’ அதில் உறுதிகூறிக் கையெழுத்திடுபவர். பதவி இழந்தவர் அல்ல.

அரசர்கள் பக்கம் வந்தால், ‘பதவி நீக்கம்’ குமாஸ்தாவை வேலையை விட்டு எடுத்ததுபோல ஒலிக்கிறது. 1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தம் இலங்கையின் கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ‘டிபோஸ்டு’ என்று அறிவித்தது. அங்கே ‘அரியணையிலிருந்து இறக்கப்பட்டார்’ அல்லது ‘முடி பறிக்கப்பட்டது’ என்பதே சரி. அவர் வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்தார். 1936இல் பிரிட்டன் மன்னர் எட்டாம் எட்வர்டு தானே விலகினார், ஆகவே அது ‘முடி துறந்தார்’. 2008இல் நேபாளத்தில் போனது ஒரு மன்னர் மட்டுமல்ல, மன்னராட்சியே, அது ‘ஒழிப்பு’.

கடைசியாக, அவசரத்தில் கண் ஏமாறும் இடம் ஒன்று: ‘டிஸ்போஸ்டு’ (disposed). மனு ‘டிஸ்போஸ்டு’ என்றால் முடித்துவைக்கப்பட்டது. அதைத் ‘தள்ளுபடி’ என்று போட்டால், கேட்டது கிடைத்த மனுதாரரும் தோற்றவராகிவிடுவார்.