மதுரையில் இருந்தபடியே உசிலம்பட்டி சர்வரை ஏற்றுவது

மதுரையில் நடுவகம். மேலூர், உசிலம்பட்டி, தேனி, திண்டுக்கல் என நாலு ஊரில் கிளைகள், கிளைக்கு மூன்று சர்வர்கள். மதுரையில் இருந்தபடியே அந்த மூன்றிலும் நெட்வொர்க் வழியாக இயங்குதளத்தை நிறுவி, அவற்றை ஒரு கிளஸ்டராக, அதாவது சேர்ந்து வேலை செய்யும் குழுவாகக் கட்டுவதுதான் இலக்கு. கிளையில் இருப்பவர் கணக்கு எழுதுபவர். ஒயர் செருகத் தெரியும், அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த அமைப்பை மனதில் வைத்துத்தான். இயங்குதளத்தை நிறுவுவது இதில் சுலபமான பகுதி. பாதியில் நின்றுபோன பெட்டிக்குள் பஸ் ஏறாமல் எப்படிப் போவது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

பெட்டி ஊருக்குப் போகும் முன்

சர்வர் மதுரை மேசையில் இருக்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பிஎம்சி. மெயின் போர்டிலேயே குடியிருக்கும் தனிச் சின்னக் கணினி அது. சர்வர் அணைந்திருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை விழித்திருக்கும். டெல்லில் ஐடிராக், எச்பிஇ-யில் ஐஎல்ஓ என்று பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்: தூரத்திலிருந்து ஆன், ஆஃப் செய்வது, திரையைப் பார்ப்பது, டிவிடி போட்டதுபோல ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் டிஸ்க்கின் முழு நகலை) காட்டுவது. பிஎம்சி இல்லாத டெஸ்க்டாப் வகைப் பெட்டியைக் கிளைக்கு வாங்காதீர்கள். அதில் மிச்சம் பிடித்த பணம் மூன்றாவது பயணத்தோடு கரைந்துவிடும்.

பிஎம்சியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை மாற்றுங்கள், நிலையான ஐபி கொடுங்கள். தனி போர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சர்வரின் சாதாரண போர்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் விலேன் (நெட்வொர்க்கைப் பிரிக்கும் அமைப்பு) மாற்றினாலே இணைப்பு அறுந்துபோக வாய்ப்பு உண்டு. பிஎம்சியோடு தூரத்திலிருந்து பேசும் முறையான ஐபிஎம்ஐ 2.0-இல் பிறவிக் கோளாறு ஒன்று இருக்கிறது: பயனர் பெயர் தெரிந்த எவர் கேட்டாலும், உள்நுழைவதற்கு முன்பே பாஸ்வேர்டின் ஹாஷை (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட குறியை) கொடுத்துவிடும். அதனால் யுடிபி 623 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது, விபிஎன் என்ற மறைகுறியிட்ட தனி இணைப்பு வழியாக மட்டும். புதிய பெட்டிகளில் ஐபிஎம்ஐயின் வேலையைச் செய்யும் ரெட்ஃபிஷ் இருக்கும். எச்டிடிபிஎஸ் மேல் போவதால் அதையே பழகிக்கொள்ளுங்கள்.

பிறகு பயாஸ், சர்வர் எழும்போது முதலில் ஓடும் நிரல். அதன் புதிய முறையான யூஇஎஃப்ஐ மட்டும் இயங்கட்டும், பழைய முறையை அணைத்துவிடுங்கள். பூட் வரிசையில் டிஸ்க் முதலில், நெட்வொர்க் இரண்டாவது. பலர் இதைத் தலைகீழாக வைக்கிறார்கள். நிறுவி முடித்து மறுதொடக்கம் ஆனதும் பெட்டி மறுபடி நெட்வொர்க்குக்குப் போய், மறுபடி நிறுவி, விடிய விடிய சுற்றிக்கொண்டிருக்கும். டிஸ்க் முதலில் இருந்தால், காலி டிஸ்க்கில் ஒன்றும் இல்லாததால் தானாக நெட்வொர்க்குக்கு இறங்கும். நிறுவிய பின் டிஸ்க்கிலேயே நிற்கும். பழைய பெட்டியென்றால் டிஸ்க்கைத் துடைத்து அனுப்புங்கள், இல்லையேல் உள்ளே தூங்கும் பழைய இயங்குதளம் எழுந்து வந்துவிடும். சிஆர் 2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்த பெட்டியில் கடிகாரம் பல வருடம் பின்னால் நிற்கும், 'சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று எல்லா எச்டிடிபிஎஸ் இணைப்பும் மறுக்கப்படும். பிழைச் செய்தியில் கடிகாரம் என்ற சொல்லே இருக்காது, தேடிக் களைத்துப்போவீர்கள்.

எழுத்தை மட்டும் காட்டும் சீரியல் கன்சோலை 115200 வேகத்தில் பிஎம்சிக்குத் திருப்பிவிடுங்கள். லைன் மோசமான நாளில் திரையின் படம் வராது, எழுத்து வரும்.

கடைசியாக ஒரு தாள்: ஒவ்வொரு நெட்வொர்க் போர்ட்டின் மேக் முகவரி (போர்ட்டில் பதிந்த அடையாள எண்), பிஎம்சியின் மேக், டிஸ்க்கின் சீரியல் எண். பிஎம்சி போர்ட்டுக்கு மஞ்சள், முதல் போர்ட்டுக்கு நீலம் எனப் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டி, அதே நிறக் கேபிளைக் கூடவே வையுங்கள். போனில் 'அண்ணே, பின்னாடி மஞ்சப் புள்ளி வச்ச ஓட்டை இருக்குல்ல, அதுல மஞ்ச ஒயரச் செருகுங்க, லைட்டு மினுக்குதான்னு பாருங்க' என்றால் வேலை முடிந்தது. 'ஈத்தர்நெட் ஒன்று' என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும்.

உறைப் பெட்டி

பால் தானாகத் தயிராகாது; ஒரு கரண்டி உறைமோர் வேண்டும். கிளைக்கு அந்த உறைமோராக, மூன்று சர்வருக்கும் நிறுவல் கோப்புகளைத் தரும் உறைப் பெட்டியாக, ஒரு மினி பிசி போதும்: 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி, இரண்டு நெட்வொர்க் போர்ட். ஒரு போர்ட் பிராட்பேண்ட் ரூட்டருக்கு, மற்றது சர்வர்களின் ஸ்விட்ச்சுக்கு. கையால் நிறுவும் ஒரே இயந்திரம் இதுதான். மதுரையில் நிறுவி, டிஸ்க்கை நகலெடுத்து, அதே மாதிரி இன்னொன்றை அலமாரியில் தயாராக வையுங்கள். இது செத்தால் பார்சலில் போக வேண்டியது அந்த இன்னொன்று.

கிளை பிராட்பேண்டில் பெரும்பாலும் பொது ஐபி கிடைக்காது, மதுரையிலிருந்து நேராக உள்ளே கூப்பிட முடியாது. ஆகவே கிளைதான் மதுரையைக் கூப்பிட வேண்டும்: உறைப் பெட்டியில் வயர்கார்டு என்ற விபிஎன், மதுரையில் நிலையான ஐபியில் யுடிபி 51820, இணைப்பு அறாமல் காக்கும் கீப்அலைவ் 25 நொடி. எம்டியு, அதாவது ஒரே துண்டாக அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு, வழக்கமாக 1420 பைட். பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும்) லைனில் 1412 ஆகக் குறையுங்கள். இதைத் தவறவிட்டால் வரும் அறிகுறி ஏமாற்றும்: பிங் போகும், எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) உள்நுழையும், பெரிய கோப்பு இறக்கினால் மட்டும் அப்படியே உறைந்து நிற்கும். லைனைக் குறை சொல்லிப் புகார் பதிவு செய்வதற்கு முன் எம்டியுவைப் பாருங்கள்.

இதே பெட்டியில் டிஎன்எஸ்மாஸ்க் டிஎச்சிபியும் (ஐபி முகவரி ஒதுக்குவது) டிஎஃப்டிபியும் (பூட் கோப்பு அனுப்பும் எளிய முறை) தரும், என்ஜின்எக்ஸ் கோப்புகளைத் தரும், ஆப்ட் கேச்சர் மென்பொருள் தொகுப்புகளைச் சேமித்து வைக்கும், குரோனி நேரம் சொல்லும். டிஎச்சிபியை ஏன் மதுரையிலிருந்தே தரக் கூடாது? அந்தக் கோரிக்கை பிராட்காஸ்ட், அதாவது கம்பியில் உள்ள எல்லோருக்கும் போடும் கூப்பாடு, ரூட்டரைத் தாண்டாது. ரிலே வைத்துத் தாண்ட வைக்கலாம்தான். ஆனால் அடுத்து வரும் டிஎஃப்டிபி 512 பைட் துண்டாக அனுப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். போய்வர 20 மில்லிநொடி ஆகும் லைனில் நொடிக்கு 50 துண்டு, அதாவது 25 கேபி. 60 எம்பி கோப்புக்கு ஏறக்குறைய 40 நிமிடம். பக்கத்திலேயே இருந்தால் சில நொடி.

சர்வர் ஸ்விட்ச்சைக் கிளையின் மற்றக் கணினிகளிலிருந்து பிரித்தே வையுங்கள். ஒரே கம்பியில் பிராட்பேண்ட் ரூட்டரும் உறைப் பெட்டியும் டிஎச்சிபி கொடுத்தால் யார் முந்துகிறார்களோ அவர் பேச்சுதான் எடுபடும். ஒரு நாள் பூட் ஆகும், மறுநாள் ஆகாது.

பூட் சங்கிலி

சர்வர் எழுந்து டிஎச்சிபி கேட்கும்போது ஆப்ஷன் 93 என்ற புலத்தில் தன் வகையைச் சொல்லும்: 0 என்றால் பழைய பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. அதைப் பார்த்துத்தான் கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான வகையைக் கொடுத்தால் பிழைகூடச் சொல்லாமல் அடுத்த பூட் வழிக்குப் போய்விடும். முதலில் டிஎஃப்டிபியில் ஐபிஎக்ஸ்இ என்ற சிறிய நிரலை மட்டும் கொடுங்கள். அது எச்டிடிபி பேசும், மிச்சக் கோப்புகள் அதன் வழியே வேகமாக வரும். ஐபிஎக்ஸ்இயும் எழுந்ததும் மறுபடி டிஎச்சிபி கேட்கும். அப்போதும் அதே கோப்பைக் கொடுத்தால் தன்னையே இறக்கிக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். ஆப்ஷன் 77-இல் அது தன் பெயரைச் சொல்லும். அந்தப் பெயர் இருந்தால் ஸ்கிரிப்டின் முகவரியைக் கொடுங்கள் என்று டிஎன்எஸ்மாஸ்க்கில் ஒரு விதி எழுதினால் சுற்று அறுந்துவிடும். டிஜிட்டல் கையெழுத்திட்ட நிரலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கினால் கையெழுத்திடாத ஐபிஎக்ஸ்இ ஏறாது. மேசையிலேயே அணைத்துவிடுங்கள், அல்லது கையெழுத்திட்ட பூட் நிரல்களான ஷிம், கிரப் வழியில் போங்கள்.

ஸ்கிரிப்டை மேக் முகவரி வாரியாக வையுங்கள். தாளில் இல்லாத மேக் வந்தால் நிறுவாமல் டிஸ்க்குக்கே திருப்பி அனுப்ப வேண்டும். யாரோ தன் லேப்டாப்பை அந்த ஸ்விட்ச்சில் செருகினால் அது துடைபட்டுப் போகாமல் காப்பது இந்த ஒரு வரிதான்.

விடைக்கோப்பு

நிறுவும் நிரல் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைத்த கோப்பு இது. உபுண்டு 24.04 சர்வரை எடுத்துக்கொள்வோம். டெபியனில் பிரிசீட், ரெட் ஹாட்டில் கிக்ஸ்டார்ட், கருத்து அதேதான். ஐஎஸ்ஓ இரண்டரை ஜிபியைத் தாண்டும். மதுரையிலிருந்து இரவில் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் வழியாக உறைப் பெட்டிக்கு ஒரே ஒரு முறை அனுப்பி, சிதையாமல் வந்ததா என்று ஷா 256 கொண்டு சரிபாருங்கள். நெட்வொர்க் வழி நிறுவும்போது அந்த ஐஎஸ்ஓ முழுதும் நினைவகத்தில் இறங்கும், 4 ஜிபி பெட்டி மூச்சுத் திணறி நிற்கும். 8 ஜிபி இருந்தால் பிரச்சினை இல்லை.

பூட் ஸ்கிரிப்டில் கர்னலை (இயங்குதளத்தின் மையத்தை) அழைக்கும் வரியில் ஆட்டோஇன்ஸ்டால் என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். விட்டால் 'தொடரட்டுமா' என்று திரையில் கேட்டுக்கொண்டு காத்திருக்கும், பதில் சொல்ல உசிலம்பட்டியில் யாரும் இல்லை. கூடவே விடைக்கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் நோகிளவுட் முகவரியும் வேண்டும். கிரப் வழியே போனால் அதிலுள்ள அரைப்புள்ளியை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் கிரப் அங்கேயே வரியை வெட்டிவிடும். அந்த முகவரியில் யூசர்-டேட்டா, மெட்டா-டேட்டா என இரண்டு கோப்புகள். இரண்டாவது காலியாக இருக்கலாம், ஆனால் இருக்க வேண்டும். முதலாவதின் முதல் வரி ஹாஷ் குறியோடு கிளவுட்-கான்ஃபிக் என்று தொடங்காவிட்டால் முழுக் கோப்பும் குப்பை.

உள்ளே கவனிக்க வேண்டியவை நான்கு. டிஸ்க்கை எஸ்டிஏ என்று பெயர் சொல்லாமல் சீரியல் எண்ணால் குறிப்பிடுங்கள். பிஎம்சி காட்டும் மெய்நிகர் டிஸ்க் சில நேரம் எஸ்டிஏ இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டிஸ்க்கைப் பங்கிடும் எல்விஎம் முறை என்றால் அளவுக் கொள்கையை 'ஆல்' என்று மாற்றுங்கள். இயல்பில் விட்டால் 480 ஜிபி டிஸ்க்கில் ரூட்டுக்கு (இயங்குதளம் இருக்கும் முதன்மைப் பகுதிக்கு) 100 ஜிபி மட்டும் ஒதுக்கி மற்றதைச் சும்மா விடும். ஸ்வாப் (நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்) அளவு 0. கிளஸ்டரை நடத்தும் குபர்நெட்டிஸின் கியூப்லெட் என்ற நிரல் இயல்பமைப்பில் ஸ்வாப்போடு எழாது. நெட்வொர்க் கார்டை மேக் முகவரியால் குறித்து நிலையான ஐபி கொடுங்கள்.

பாஸ்வேர்டு, கிளஸ்டர் டோக்கன் (கிளஸ்டரில் சேர உதவும் ரகசியக் குறி) எதையும் இந்தக் கோப்பில் எழுத வேண்டாம். சாதாரண எச்டிடிபியில் கிடக்கிறது, அந்த ஸ்விட்ச்சில் இருக்கும் எவரும் படிக்கலாம். எஸ்எஸ்எச் பொதுச் சாவி மட்டும் போதும். கடைசிக் கட்டளையாக, எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவியின் கைரேகையை (பெட்டியின் அடையாளக் குறியை) உறைப் பெட்டிக்கு அனுப்பச் சொல்லுங்கள். நிறுவல் முடிந்த செய்தியும் அதுதான். மதுரையிலிருந்து முதல் முறை இணையும்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

மறுபடி நிறுவ நேர்ந்தால் ஐபிஎம்ஐயில் 'அடுத்த பூட் மட்டும் நெட்வொர்க்' என்று கட்டளை கொடுங்கள், யூஇஎஃப்ஐ விருப்பத்தையும் சேர்த்து. கொடுத்த 60 நொடிக்குள் மறுதொடக்கமும் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பின் பிஎம்சி அதை மறந்துவிடலாம்.

கிளஸ்டரை எழுப்புவது

நாலு ஊர்ச் சர்வர்களையும் ஒரே கிளஸ்டராகக் கட்டும் ஆசை வரும். வேண்டாம். கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் எட்சிடி இயல்பமைப்பில் 100 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும், ஒரு நொடி பதில் இல்லையென்றால் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகும். சாலை தோண்டி ஃபைபர் அறுந்த அன்றைக்கு இது என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். கிளைக்கு ஒரு தனி கே3எஸ் (சிறிய வகைக் குபர்நெட்டிஸ்) கிளஸ்டர், மூன்று சர்வரும் அதே ஸ்விட்ச்சில். மூன்றில் ஒன்று விழுந்தாலும் ஓடும்; இரண்டு விழுந்தால் நிற்கும். மதுரை மேற்பார்வை மட்டும் பார்க்கட்டும்.

1. மூன்று பெட்டியிலும் குரோனி ஒரே நேரம் காட்டுகிறதா பாருங்கள். சர்வர்களுக்குள் டிசிபி 6443, 2379, 2380, 10250, யுடிபி 8472 திறந்திருக்கட்டும்.

2. முதல் பெட்டியில் மட்டும் கிளஸ்டர்-இனிட் கொடியோடு கே3எஸ் நிறுவுங்கள். நோடு ஐபியை (கிளஸ்டரில் அந்தப் பெட்டியின் ஐபியை) வெளிப்படையாக எழுதுங்கள், இல்லாவிட்டால் வேறு இடைமுகத்தின் ஐபியைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

3. டோக்கனை எஸ்எஸ்எச் வழியாக எடுத்து இரண்டாவது பெட்டியைச் சேர்த்துவிடுங்கள். அது 'ரெடி' காட்டிய பிறகே மூன்றாவது. இரண்டையும் ஒன்றாகத் தள்ளினால் எட்சிடி ஒரு நேரத்தில் ஒரு புதியவரைத்தான் ஏற்கும், மற்றது பிழையோடு திரும்பும்.

4. முடிந்ததும் முதல் பெட்டியின் அமைப்பில் அந்தக் கொடியை எடுத்துவிட்டு, மற்றவற்றைப் போல இரண்டாவது பெட்டியின் முகவரியை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து முதல் பெட்டியை மறுபடி நிறுவும்போது கொடி அப்படியே இருந்தால், பழைய கிளஸ்டரில் சேராமல் தனக்கென்று புதுக் கிளஸ்டர் தொடங்கிவிடும்.

மறுபடி நிறுவிய பெட்டி அதே பெயரில் வந்தால் 'நோடு பாஸ்வேர்டு' பொருந்தவில்லை என்று மறுக்கப்படும். பழைய நோடை கிளஸ்டரிலிருந்து நீக்கிவிட்டுப் பெட்டியைச் சேர்த்துவிடுங்கள்.

ஷட்டவுன் நாள்

மின்வாரியம் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு பகல் கரண்டை நிறுத்தும். சின்ன யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. பயாஸில் 'கரண்ட் வந்ததும் பழைய நிலை' என்று வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்: யூபிஎஸ் சொல்லி ஒழுங்காக அணைந்த பெட்டியின் பழைய நிலை 'ஆஃப்', எனவே அப்படியே கிடக்கும். 'எப்போதும் ஆன்' என்று வையுங்கள். அதிலும் ஓர் ஓட்டை உண்டு. பெட்டிகள் அணைந்த பிறகு, பேட்டரி தீருமுன்னே கரண்ட் வந்துவிட்டால் பெட்டியைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை, எழாது. அதற்காக உறைப் பெட்டியை மட்டும் கடைசி வரை ஓடவிட்டு, கரண்ட் வந்து ஐந்து நிமிடம் நிலைத்ததும் மூன்று பிஎம்சிக்கும் ஆன் கட்டளை அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை அதில் வையுங்கள். ஏற்கெனவே ஆனில் இருக்கும் பெட்டியை அந்தக் கட்டளை ஒன்றும் செய்யாது. மூன்றுக்கும் நடுவில் 30 நொடி இடைவெளி விடுங்கள், யூபிஎஸ் ஒரே நேரத்தில் மூன்றின் இழுப்பையும் தாங்க வேண்டியதில்லை.