பிள்ளைகள் பேரில் வரிக் கழிவு: ரிட்டன் போடும் முன் பார்க்க வேண்டியவை

நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் போனில் கேட்டான்: "உனக்குத்தான் ரெண்டு பிள்ளைங்க இருக்கே, டிபெண்டன்ட்னு (சார்ந்திருப்பவர்) போட்டு எவ்வளவு கழிச்ச?" அவன் ஊரில் 17 வயதுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 2025 கணக்கில் 2,200 டாலர் வரை வரியிலேயே குறைகிறது. நம்ம ரிட்டனில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. பிள்ளை இருக்கிறது என்பதற்காக ஒரு ரூபாய் குறையாது, பிள்ளைக்காக என்ன செலவு செய்தோம், எதில் போட்டோம் என்பதற்குத்தான் கழிவு, அதுவும் ஐந்தாறு பிரிவுகளில் சிதறிக் கிடக்கிறது. கீழே சொல்வதெல்லாம் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கானது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும், இந்த வருமானத்துக்கு 1961 சட்டத்தின் பழைய எண்கள்தான்.

ஃபீஸ் ரசீதைத் தேடி பீரோவைக் கலைப்பதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். வரி போட இரண்டு முறைகள், கழிவுகள் நிறைய உள்ள பழையது ஒன்று, விகிதம் குறைவு ஆனால் கழிவும் குறைவு என்ற புதியது ஒன்று. பிள்ளைகள் சார்ந்த கழிவுகளில் ஏறக்குறைய எல்லாமே பழைய வரி முறையில் மட்டும்தான், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் உங்களைப் புதிய முறையில்தான் வைப்பார்கள். சம்பளம் 12,75,000 ரூபாய்க்குள் என்றால் புதிய முறையில் 75,000 நிலையான கழிவு (சம்பளக்காரர் எல்லோருக்கும் ரசீது இல்லாமலே கிடைப்பது) போக வரியே இல்லை, அதனால் ரசீது எதற்கும் வேலையில்லை, போய்த் தூங்கலாம். 15 லட்சம் சம்பளம் என்று வையுங்கள். புதிய முறையில் செஸ்ஸோடு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) 97,500 ரூபாய் வரி. பழைய முறையில் 50,000 நிலையான கழிவு, 80சியில் (சேமிப்பு, ஃபீஸ் போன்றவற்றுக்கான பிரிவு) ஒன்றரை லட்சம், 80டியில் (மருத்துவக் காப்பீடு) 25,000 என்று முழுதாகக் கழித்தாலும் 2,02,800 வருகிறது. இரண்டும் சமமாக வேண்டுமென்றால் நிலையான கழிவு போக, 80சி, 80டி உட்பட மொத்தம் 5,43,750 ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். சென்னை மாதிரி ஊரில் பெரிய வாடகை கொடுத்து எச்ஆர்ஏ (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) வாங்குபவர்களுக்குத்தான் அந்தத் தொகை எட்டும், 80சி, 80டியோடு வீட்டுக் கடன் வட்டி இரண்டு லட்சத்தைச் சேர்த்தால்கூடப் போதாது. ஸ்கூல் ஃபீஸை மட்டும் நம்பிப் பழைய முறைக்குப் போனால் நஷ்டம்தான். ஆடிட்டர் வேண்டாம், வருமான வரித் துறையின் தளத்திலேயே கால்குலேட்டர் இருக்கிறது, பத்து நிமிட வேலை.

சரி, பழைய முறைதான் லாபம் என்று தெரிந்துவிட்டது. இனிமேல்தான் ரசீது.

80சியில் வருவது ட்யூஷன் ஃபீஸ். இந்த வார்த்தையில்தான் நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் நமக்கு டியூஷன் என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேத்ஸ் மிஸ் வீட்டுக்குப் போவது. அதற்கு ஒரு பைசாகூடக் கழியாது, நீட் கோச்சிங், ஜேஇஇ கோச்சிங், பாட்டு கிளாஸ், கராத்தே எதற்கும் கிடையாது. இந்தியாவில் இருக்கும் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் போன்றவற்றில் முழுநேரப் படிப்புக்குப் பாடம் சொல்லித்தர வாங்கும் கட்டணம் மட்டும்தான் கணக்கு. ப்ளே ஸ்கூல், எல்கேஜிகூட இதில் அடங்கும், பலருக்கு இது தெரியாது. வேன் ஃபீஸ், ஹாஸ்டல், புத்தகம், யூனிஃபார்ம் அடங்காது. சேர்க்கும்போது வாங்கும் நன்கொடையும், டெவலப்மென்ட் ஃபீஸ் என்று எழுதி வாங்குவதும் அடங்காது.

எங்கள் வீட்டில் பட்ட பாடு இதில்தான். பெரியவளின் பள்ளியில் மொத்தத் தொகையை ஒரே வரியில் போட்டு 'டேர்ம் ஃபீஸ்' என்று ரசீது கொடுத்துவிட்டார்கள், அதில் ஸ்மார்ட் கிளாஸும் வேனும் சேர்ந்திருந்தது, நானும் பார்க்காமல் முழுத் தொகையையும் ஆபீசில் கொடுக்க, அக்கவுண்ட்ஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் மூன்று தடவை பள்ளி ஆபீசுக்கு நடந்து, எது எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய சான்றிதழை மார்ச் கடைசியில் வாங்கினேன். ஃபீஸ் கட்டும் அன்றைக்கே பிரித்துக் கேட்டுவிடுங்கள், ஜூன் மாதத்தில் கேட்டால் தருவார்கள், மார்ச்சில் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

இன்னொன்று, எந்த வகுப்புக்கான ஃபீஸ் என்பது முக்கியமில்லை, எந்தத் தேதியில் கட்டினீர்கள் என்பதுதான் முக்கியம். அடுத்த கல்வியாண்டுக்கான பணத்தை மார்ச்சிலேயே கட்டினால் அது இந்த நிதியாண்டுக் கணக்கு. ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை, மற்ற சேமிப்புகளோடு சேர்த்து மொத்தம் ஒன்றரை லட்சம். அப்பா, அம்மா இருவரும் சம்பாதித்தால் கட்டியவர் கட்டிய தொகையைக் கழிக்கலாம், ஆனால் ஒரே ரசீதை இரண்டு பேரும் காட்டக் கூடாது. பிஎஃப் பிடித்தமே ஒன்றரை லட்சத்தை நிரப்பிவிடும் சம்பளம் அப்பாவுக்கு என்றால் ஃபீஸை அம்மா தன் கணக்கிலிருந்து கட்டட்டும். அதை வருடத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும், ரிட்டன் போடும்போது மாற்ற முடியாது.

அதே 80சிக்குள்தான் தபால் ஆபீஸில் செல்வமகள் என்று சொல்லும் சுகன்யா சம்ரித்தியும் வருகிறது. பெண் குழந்தைக்குப் பத்து வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பையன்களுக்குப் பொன்மகன் என்று தமிழ்நாட்டில் விற்பது வேறொன்றுமில்லை, பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி)தான், பெயர்தான் அலங்காரம்.

சம்பளத்தில் பிள்ளைகள் கல்விப்படி என்று ஒன்று இருந்தால் பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய், ஹாஸ்டலில் இருந்தால் இன்னும் 300, இரண்டு பிள்ளைகள் வரை வரியில்லை. நூறு ரூபாய்க்கு இன்றைக்கு இரண்டு லாங் சைஸ் நோட்டு வந்தால் அதிகம், ஆனாலும் ஆபீசில் தரும் வரிச் சான்றிதழான ஃபாரம் 16இல் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மருத்துவக் காப்பீட்டுக்கு 80டி. உங்களுக்கும் துணைவருக்கும் உங்களைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து 25,000. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு போச்சு. 'சார்ந்த' என்பதைக் கவனியுங்கள், வேலைக்குப் போய்த் தன் காலில் நிற்கும் மகனின் பாலிசிக்கு அப்பா பிரீமியம் கட்டினாலும் அப்பா கழிக்க முடியாது.

சார்ந்திருப்பவர் என்ற சொல்லுக்கு இங்கே உண்மையான கனம் இருப்பது 80டிடியில். மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிக்கச் செலவு செய்தால், எவ்வளவு செலவானாலும் 75,000 ரூபாய் கழிவு, பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. 80சி வரம்புக்கு வெளியே தனியாகக் கிடைக்கும், வயது வரம்பும் இல்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு என்றால் ஃபாரம் 10-ஐஏவில் சான்றிதழ் வேண்டும், அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவரோ நரம்பியல் நிபுணரோ தருவது. ரிட்டனில் இப்போது பிள்ளையின் ஆதார் அல்லது பான் எண்ணும் கேட்கிறார்கள். தெரபிக்காக வாரம் மூன்று நாள் அலையும் பெற்றோர் பலர் இதைக் கேட்டதே இல்லை என்கிறார்கள், தெரிந்த வீடு இருந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள். பிள்ளை பெரியவராகித் தன் ரிட்டனிலேயே 80யு (மாற்றுத்திறனாளி தனக்கே எடுக்கும் கழிவு) கழித்தால் மட்டும் நீங்கள் கழிக்க முடியாது.

கல்விக் கடன் வாங்கியிருந்தால் 80இ. அசலுக்கு இல்லை, வட்டிக்கு மட்டும், ஆனால் உச்சவரம்பு கிடையாது, கட்டத் தொடங்கிய வருடத்திலிருந்து எட்டு வருடம். வெளிநாட்டுப் படிப்புக்கும் உண்டு. வங்கி போன்ற நிதி நிறுவனத்திலோ அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளையிலோ வாங்கியிருக்க வேண்டும், மாமாவிடம் கைமாற்று வாங்கியதற்குக் கிடையாது.

கழிவு தேடும் மும்முரத்தில் மறந்துபோவது ஒன்று இருக்கிறது, பிள்ளையின் வருமானம். தாத்தா பேத்தி பேரில் டெபாசிட் போட்டால் அந்தப் பணத்துக்கு வரி இல்லை, ஆனால் 18 வயது வரை அதன் வட்டி அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர வேண்டும். பழைய முறையில் பிள்ளைக்கு 1,500 ரூபாய் விலக்கு, புதிய முறையில் அதுவும் இல்லை. சொந்தத் திறமையில் சம்பாதித்தால் வேறு கதை, கோடம்பாக்கத்தில் நடிக்கும் குழந்தையின் சம்பளம் அந்தக் குழந்தையின் பேரிலேயே தனி ரிட்டன்.

இனி போடும் வேலை. புதிய முறையிலிருந்து விலக விரும்புகிறீர்களா என்று சம்பளக்காரர்கள் பெரும்பாலும் போடும் ரிட்டன் படிவமான ஐடிஆர்-1இன் தொடக்கத்திலேயே கேட்பார்கள், பழைய முறை வேண்டுமென்றால் அதற்கு 'ஆம்'. இதை ஜூலை 31 கெடுவுக்குள் செய்தால்தான் உண்டு, தாமதமாகப் போட்டால் புதிய முறைதான், ஃபீஸ் ரசீதெல்லாம் வீண். தொழில், வியாபார வருமானம் இருப்பவர்கள் அதற்கு முன் பழைய முறை வேண்டும் என்று சொல்லும் ஃபாரம் 10-ஐஇஏ போட வேண்டும். ஆபீசில் ரசீது கொடுக்க மறந்திருந்தாலும் பரவாயில்லை, ரிட்டனில் நேரடியாகக் கழித்து ரீஃபண்ட் வாங்கலாம். பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், கடன் கணக்கு எண் எல்லாம் நிரப்பச் சொல்வார்கள், கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ரசீது எதையும் இணைக்க வேண்டாம், ஆனால் நோட்டீஸ் வந்தால் காட்ட வேண்டும், இல்லாத ஃபீஸைக் காட்டி மாட்டினால் மறைத்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். அனுப்பியதும் வேலை முடியவில்லை, 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டு இ-வெரிஃபை செய்யுங்கள்.