பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் எழுத முதல்

மட்டக்களப்பில் நம் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் தமிழில்தான் இருக்கும், ஆனால் கடவுச்சீட்டு, வங்கி என்று வரும்போது ஆங்கில எழுத்து வேண்டும், அந்த நேரம் அவசரத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டுப் பிறகு சத்தியக்கடதாசியோடு அலைகிறோம். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது, அண்ணனுக்கு ஓர் எழுத்து, எனக்கு இன்னோர் எழுத்து.

தர்ஷனுக்கு ரி (T) மட்டும் போட்டால் வெளியாட்கள் டர்ஷன் என்றுதான் வாசிப்பார்கள், எச் சேருங்கள். யாழினி என்றால் இங்கே பெரும்பாலும் எல், தமிழ்நாட்டில் இசட் எச். இசட் எச்சைப் பார்க்கும் வெள்ளைக்காரருக்கு ழ வராது, அதனால் நான் எல் எழுத்தையே சொல்வேன். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் முஹம்மத் என்ற ஒரே பெயரை ஓ போட்டும் யூ போட்டும், ஒரு எம்முடனும் இரண்டு எம்முடனும் எழுதுகிறார்கள். எல்லாம் சரிதான், ஆனால் தகப்பனும் பிள்ளையும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

அப்புறம், கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் வரியில் முழுப்பெயருக்கு 39 இடம்தான், இடைவெளியும் அதற்குள் அடக்கம்.

முடிவெடுக்க முதல் பெயரை ஒரு தாளில் எழுதி, தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.